நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

மாலத்தீவில் எங்கே ஸ்கூபா போகலாம் என்று கேட்பவர்களிடம், எந்த மாதம் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். கேட்டவர் முகத்தில் சின்ன ஏமாற்றம் தெரியும். அவர் எதிர்பார்த்தது ஒரு தீவின் பெயரை. பெயர் சொல்வது எளிது. வடக்கிலிருந்து தெற்காக எண்ணூறு கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு கிடக்கும் அந்த நாட்டில் 1,192 தீவுகள் இருப்பதாகக் கணக்கு. அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான பார்கள். மன்னார் வளைகுடாவில் நம் மீனவர்கள் கடலடிப் பாறைத்திட்டைப் பார் என்பார்கள். அந்தச் சொல் இங்கும் பொருந்தும். ஆனால் எந்தப் பாருக்கும் நிலையான குணம் கிடையாது. ஜனவரியில் கண்ணாடி போலத் தெளிந்து கிடக்கும் இடம் ஆகஸ்டில் கஞ்சித் தண்ணீராகக் கலங்கியிருக்கும். காலை ஏழு மணிக்குச் சுறாக்கள் அணிவகுத்து நின்ற முனை பதினொரு மணிக்கு வெறிச்சோடிக் கிடக்கும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன்பு, மாந்தா திருக்கை பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் பா பவளத்தீவுக் கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில் ஒரு தீவில் தங்கினேன். பயண ஏற்பாட்டாளர் காட்டிய படங்களில் திருக்கைகள் நீர் தெரியாத அளவுக்கு மொய்த்திருந்தன. நான் போனது பிப்ரவரியில். ஐந்து நாள், பத்து முறை இறங்கினேன். முப்பது மீட்டர் தொலைவுக்குத் தெளிவாகத் தெரிந்த அருமையான நீர். அதில் ஒரு மாந்தாகூட இல்லை. படங்கள் பொய்யில்லை, இடமும் அதுவேதான். அவை ஆகஸ்டில் எடுக்கப்பட்டவை என்பதை யாரும் சொல்லவில்லை, கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. நீர் தெளிவாக இருந்ததும் திருக்கை வராததும் ஒரே காரணத்தின் இரண்டு பக்கங்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

அந்தக் காரணத்தின் பெயர் பருவக்காற்று.

மாலத்தீவு மக்கள் ஆண்டை இரண்டாகப் பிரிக்கிறார்கள். தென்மேற்குக் காற்று வீசும் காலம் ஹுளங்கு. வடகிழக்கிலிருந்து வறண்ட காற்று வரும் காலம் இருவை. இந்த இரண்டும் மேலும் சிறு பகுதிகளாகப் பிரியும். ஒவ்வொரு பகுதியும் பதின்மூன்று அல்லது பதினான்கு நாள், பெயர் நகை. ஹுளங்கில் பதினெட்டு, இருவையில் ஒன்பது, ஆக மொத்தம் இருபத்தேழு. எண்ணிக்கையைக் கேட்டதும் தமிழருக்குச் சட்டென்று பொறி தட்டும். பெயர்களைக் கேட்டால் சந்தேகமே இருக்காது. அஸ்ஸிதா, புருனு, கெத்தி, ரோனு என்று தொடங்குகிறது வரிசை: அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணி. சூரியன் எந்த நட்சத்திரத்தில் நிற்கிறது என்பதை வைத்துப் போட்ட கணக்கு இது. நாம் அக்னி நட்சத்திரம் என்று மே மாதத்தில் புழுங்குவதும் இதே முறைதான். நம்மூரில் அது வெயிலுக்கும் விதைப்புக்கும் பயன்பட்டது. அவர்கள் அதைக் கடலுக்குத் திருப்பிக்கொண்டார்கள்: எந்த நகையில் காற்று திரும்பும், எதில் கடல் கொந்தளிக்கும், சூரை மீன் எப்போது எந்தப் பக்கம் சேரும் என்றெல்லாம். நம் வீட்டு மாசிக்கருவாட்டுக்கான சூரையும் இந்தக் கணக்கில் பிடிபட்டதுதான். ஏப்ரல் 8 வாக்கில் அஸ்ஸிதாவோடு ஹுளங்கு தொடங்கும்; டிசம்பர் 10 வாக்கில் மூலவோடு இருவை. ஸ்கூபா போகிறவர் இந்த இரண்டு தேதிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

காற்று மாறினால் கடல் நீரோட்டமும் மாறும். உலகின் மற்றப் பெருங்கடல்களில் பெரிய நீரோட்டங்கள் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே திசையில்தான் ஓடுகின்றன. வட இந்தியப் பெருங்கடல் மட்டும் ஆண்டுக்கு இரண்டு முறை புரண்டு படுக்கிறது. இருவைக் காலத்தில் வங்கக்கடல் பக்கத்திலிருந்து நீர் இலங்கையின் தெற்கைச் சுற்றிக்கொண்டு மேற்கு நோக்கி ஓடி மாலத்தீவின் கிழக்கு முகத்தில் மோதும். ஹுளங்கில் அரபிக்கடல் பக்கத்திலிருந்து கிழக்கு நோக்கி ஓடி மேற்கு முகத்தில் மோதும். நடுக்கடலில் வடக்குத் தெற்காக நிற்கும் ஒரு மலைத்தொடரின் மேல் இது நடக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. தீவு என்று நாம் பார்ப்பது நீருக்கு மேல் ஒன்றரை மீட்டர் உயரமுள்ள மணல். அதன் கீழே இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் தடிமனான சுண்ணாம்புப் பாறை, முழுவதும் பவளமும் சிப்பியும் சேர்ந்து கட்டியது. அதற்கும் கீழே எரிமலைப் பாறை. தக்காணப் பீடபூமியின் கரும்பாறையைக் கொட்டிய அதே ரீயூனியன் வெப்பப்புள்ளிதான் இதையும் எழுப்பியது.

வந்து மோதும் பக்கத்து நீர், திறந்த கடலின் நீர். தெளிவானது, ஆழ்ந்த நீலம். அழகாக இருக்கும், ஆனால் சத்து குறைவு. வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு உயிரியல் கணக்கில் ஒரு பாலைவனம். உரச்சத்தெல்லாம் கீழே குளிர்ந்த இருட்டில் தங்கிவிடும். வெளிச்சம் இருக்கும் மேலடுக்குக்கு அது எளிதில் வராது. ஆனால் அந்த நீர் மலைத்தொடரைக் கடக்கும்போது பாறைகளில் இடறிச் சுழன்று கலங்குகிறது. அடியிலுள்ள சத்துநீர் மேலே வருகிறது. வெளிச்சமும் சத்தும் சேர்ந்தவுடன் நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன வெறுங்கண்ணுக்குத் தூசியாகத் தெரியும் விலங்கு மிதவையுயிர்கள் பெருகுகின்றன. இவ்வளவும் நடந்து முடியும்போது நீர் மறுபக்கம் போய்ச் சேர்ந்திருக்கும். ஆகவே எந்தப் பக்கம் நீர் வெளியேறுகிறதோ அந்தப் பக்கம்தான் விருந்து.

2011-இல் சார்லஸ் ஆண்டர்சன், ஷிஹாம் ஆதம், ஜோக்கிம் கோயஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வு இதை அழகாக நிறுவியது. கடலின் பச்சையத்தைச் செயற்கைக்கோள் அளவீடுகளில் பார்த்தார்கள். மாந்தாக்கள் எங்கே எப்போது தென்பட்டன என்ற பதிவுகளை அதோடு பொருத்திப் பார்த்தார்கள். இருவையில் மாந்தாக்கள் மேற்குப் பக்கம், ஹுளங்கில் கிழக்குப் பக்கம். ஒவ்வோர் ஆண்டும் அவை பச்சைக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கின்றன. அறிவியல் கட்டுரைகளில் இவ்வளவு நேரடியாக ஊர்சுற்றிக்குப் பயன்படுவது அரிது. ஜனவரியில் போனால் அரி பவளத்தீவுக் கூட்டத்தின் மேற்கு, தென்மேற்கு ஓரங்கள். அங்கே ரங்கலித் தீவுக்குப் பக்கத்திலுள்ள மடிவரு பேர் பெற்றது. ஆகஸ்டில் போனால் பா கூட்டத்தின் கிழக்கு ஓரம், அல்லது மாலே அருகே லங்கன் பார். பிப்ரவரியில் நான் நின்றது நீர் வந்து மோதும் பக்கம். முப்பது மீட்டர் தெளிவு என்று நான் மகிழ்ந்ததன் பொருள், தின்ன ஒன்றும் இல்லை என்பதுதான்.

ஆகவே முதலில் மனத்தில் ஒரு முடிவுக்கு வர வேண்டும். தெளிந்த நீரா, பெரிய உயிரினமா? மிதவையுயிர் தின்னும் பெரிய விலங்கு வேண்டுமென்றால் கலங்கல் நீரை ஏற்க வேண்டும். பார்வை பத்து மீட்டருக்குச் சுருங்கிவிட்டதே என்று படகில் உட்கார்ந்து வருந்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கலங்கல்தான் சோறு.

அந்த விருந்தின் உச்சம் ஹனிஃபரு விரிகுடா. பா கூட்டத்தின் கிழக்கு ஓரத்தில், பாறை வளையத்துக்குள் ஒரு கால்பந்து மைதானம் அளவே உள்ள குடா அது. ஹுளங்கு மாதங்களில், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏற்றம் வலுக்கும்போது, ஒரு பக்கம் பருவக்காற்று நீரோட்டம், மறுபக்கம் ஏற்றநீர் என இரண்டும் எதிர்த்துத் தள்ள, மிதவையுயிர்கள் வெளியேற வழியில்லாமல் அந்தக் குடாவுக்குள் குவிகின்றன. அதன் பிறகு மாந்தாக்கள் வருகின்றன. ஒன்றிரண்டில் தொடங்கி, நல்ல நாளில் நூறைத் தாண்டும்.

பிப்ரவரி ஏமாற்றத்துக்குப் பிறகு ஒரு செப்டம்பரில் அங்கே போனேன். ஸ்கூபா உருளையோடு அங்கே இறங்க 2012 முதல் தடை. மூச்சுக்குழாயும் முகக்கண்ணாடியும் மட்டும்தான், அதுவும் நாற்பத்தைந்து நிமிடம். அந்தத் தடை சரியானது என்று நீரில் இறங்கிய மறுகணமே ஒப்புக்கொண்டேன். அவ்வளவு சின்ன இடத்தில் நாற்பது பேர் குமிழி விட்டால் அந்த விலங்குகளுக்கு இடமிருக்காது. முதலில் பச்சை மங்கல் மட்டும்தான் தெரிந்தது. கண்ணாடிக்கு முன்னால் ரவை கொட்டியது போல் துகள்கள். பிறகு மங்கலுக்குள்ளிருந்து ஒரு வெள்ளை வாய், ஒரு முழத்துக்கும் மேல் அகலமாகத் திறந்தபடி, நேராக என்னை நோக்கி வந்தது. வாயின் இரு பக்கமும் சுருண்டிருக்கும் கொம்புகளை விரித்து, நீரை வாய்க்குள் வாரித் தள்ளிக்கொண்டு வந்தது; நம் கடற்கரையில் இந்த இனத்தைக் கொம்புத்திருக்கை என்பது இந்தக் கொம்புகளை வைத்துத்தான். என் முகத்துக்கு ஒரு கை தூரத்தில் அது தலையை மேலே தூக்கிப் பின்னோக்கிக் குட்டிக்கரணம் போட்டது. வெள்ளை வயிறு முழுவதும் என் கண்ணெதிரே மெல்ல நகர்ந்தது. வயிற்றில் கரும்புள்ளிகள். ஒரு மாந்தாவின் புள்ளிக்கோலம் இன்னொன்றுக்கு இருக்காது, நம் கைரேகை போல. அந்தப் புள்ளிகளைப் படம் எடுத்துத்தான் மாலத்தீவில் ஆயிரக்கணக்கான மாந்தாக்களை ஆய்வாளர்கள் தனித்தனியாக அடையாளம் கண்டு பெயரும் வைத்திருக்கிறார்கள். அதன் பின்னால் இன்னொன்று, அதன் பின்னால் இன்னொன்று. முன்னால் போவது விட்டுவைத்த மிச்சத்தைப் பின்னால் வருவது அள்ளுவதற்காகச் சங்கிலியாகச் சேர்ந்து வட்டமிடும். பெண் மாந்தா ஒரு முறைக்கு ஒரே குட்டி, அதுவும் ஏறக்குறைய ஓராண்டு சுமந்து ஈனுகிறது. இவ்வளவு மெதுவாகப் பெருகும் விலங்கை வலைக்கும் படகுக்கும் இரையாக்கினால் ஈடுகட்ட வழியே கிடையாது.

நீர் வந்து மோதும் பக்கத்தை நான் மட்டமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம். சுறாவுக்கு அந்தப் பக்கம்தான்.

இந்த இடத்தில் மாலத்தீவு மொழியான திவேஹியிலிருந்து மூன்று சொற்கள் தேவை. வெளிக்கடலையும் உள்கடலையும் இணைக்கும் வாய்க்கால் கண்டு. நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் கீழேயே நின்றுவிடும் குன்று திலா. மேற்பரப்பை ஏறக்குறையத் தொட்டுவிடும் சின்னப் பார் கிரி. பவளத்தீவுக் கூட்டத்தைக் குறிக்கும் அடோல் என்ற சொல்லை உலக மொழிகளுக்கெல்லாம் கொடுத்த மொழி இது. இந்த மூன்றையும் அப்படியே கடன் வாங்கலாம். ஒவ்வொரு பவளத்தீவுக் கூட்டமும் ஓட்டைகள் உள்ள வளையம். வெளியே பெருங்கடல், உள்ளே சில பத்து மீட்டர் ஆழமே உள்ள உள்கடல். கடல் ஏறும்போது அத்தனை நீரும் கண்டுகள் வழியாகத்தான் உள்ளே நுழைய வேண்டும். அகன்ற ஆறு மதகுக்குள் நுழைவது போல அங்கே வேகம் கூடும். வெளிச்சுவரில் மோதும் நீரின் ஒரு பங்கு மேல்நோக்கி எழும். அந்த எழுச்சியில் சாம்பல் நிறப் பார்ச்சுறாக்கள் வாலை ஆட்டாமல் நிற்கும்.

ஆட்டாமல் நிற்பது எப்படி? சுறாவுக்கு மிதப்புப் பை கிடையாது, நீந்தாவிட்டால் மூழ்கும். பிரெஞ்சு பாலினேசியாவின் ஃபகராவா வாய்க்காலில் நடந்து 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் விடை கிடைத்தது. யானிஸ் பாபஸ்தமாத்தியுவும் சக ஆய்வாளர்களும் கருவிகளைச் சுறாக்களின் உடலில் பொருத்திப் பார்த்தார்கள். மேலெழும் நீரில் நின்றால் பத்து முதல் பதினைந்து சதவீதம் வரை ஆற்றல் மிச்சம். பருந்து வெப்பக்காற்றில் இறக்கையை அசைக்காமல் மிதப்பது போல. வரிசையின் பின்முனைக்குத் தள்ளப்பட்ட சுறா, மீண்டும் முன்னால் போய் நிற்கும். அடுத்தது பின்னால் நகரும். வேட்டை இரவில், பகல் முழுவதும் இந்த இலவச ஊஞ்சல். இருவை மாதங்களில் வாவு, மீமு கூட்டங்களின் கிழக்குக் கண்டுகளில் இதைக் காணலாம். வாவுவில் ஒரு கண்டுவின் பெயரே மியரு கண்டு; மியரு என்றால் சுறா.

இதே சுறாக்கள் இன்றும் அங்கே நிற்பதற்கு ஒரு கணக்குப் புத்தகமும் காரணம். 1993-இல் ஆண்டர்சனும் ஹுதா அகமதும் ஒரு மதிப்பீடு வெளியிட்டார்கள். பிடித்து விற்றால் ஒரு சாம்பல் பார்ச்சுறா மீனவருக்குத் தருவது 32 டாலர், ஒரே முறை. முக்குளிப்பவர்கள் பார்க்கும் இடத்தில் அது உயிரோடு இருந்தால் ஆண்டுக்குச் சராசரியாக 3,300 டாலர். 2010-இல் மாலத்தீவு தன் கடல் முழுவதிலும் சுறா பிடிப்பதைத் தடை செய்தது. உயிருக்கு விலை போடுவது எனக்கு உவப்பானதில்லை. ஆனால் அந்த விலைதான் அவற்றைக் காப்பாற்றியது.

சுறா ஆசையில் கண்டுக்கு ஓடுவதற்கு முன் உடலின் கணக்கையும் பார்த்தாக வேண்டும். பத்து மீட்டருக்கு ஒரு வளிமண்டலம் அழுத்தம் கூடும். முப்பது மீட்டரில் நான்கு மடங்கு. மாலத்தீவின் விதிப்படி பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லையும் அதே முப்பது மீட்டர்தான். மேற்பரப்பில் நிமிடத்துக்கு இருபது லிட்டர் காற்று இழுப்பவர் அங்கே எண்பது லிட்டர் இழுப்பார். 12 லிட்டர் உருளையில் 200 பார் அழுத்தத்தில் இருப்பது 2,400 லிட்டர். கணக்குக்கு முப்பது நிமிடம் வரும். ஆனால் நீரோட்டத்தை எதிர்த்துக் காலை உதைக்கத் தொடங்கினால் அது பாதியாகக் குறைந்துவிடும். நீர் உள்ளே ஓடினால் கவலை குறைவு, தவறினாலும் உள்கடலில் போய்ச் சேருவோம். வெளியே ஓடினால் கதை வேறு. கண்டுவின் விளிம்பைத் தாண்டும் நீர் அருவி போலக் கீழ்நோக்கிச் சரியும். நாம் விடும் குமிழிகள் மேலே போகாமல் கீழே இறங்குவதைப் பார்த்தால் அதுதான் எச்சரிக்கை. உடனே பாறையைப் பிடித்துச் சுவரோரமாக விலக வேண்டும். ஐம்பது முறையாவது இறங்காதவர்களுக்கு உள்கடலின் கிரிகளைத்தான் சொல்வேன். அங்கேயும் அழகுக்குக் குறைவில்லை. கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே பதினெட்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். திசுக்களில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அந்த நேரம் வேண்டும்.

தெற்கே போகப் போகப் பருவக்காற்றின் பிடி தளரும். நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் வரும் ஃபுவஹ்முலா ஒற்றைத் தீவு. உள்கடல் இல்லை, கண்டு இல்லை, சுற்றிலும் செங்குத்தாக இறங்கும் ஆழம். அங்கே துறைமுகத்தில் கொட்டிய மீன் கழிவுக்குப் பழகிய வேங்கைச் சுறாக்களை ஆண்டு முழுவதும் பார்க்கலாம். எனக்கு அது கண்காட்சி போலத் தோன்றும். வேறு சிலருக்கு வாழ்நாள் கனவு.

பவளத்தின் நிறத்துக்காகப் போகிறவர்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். 1998-இல் கடல் சூடேறியபோது மாலத்தீவின் ஆழமற்ற பார்களில் பவளத்தின் பெரும்பகுதி வெளிறிச் செத்தது. மெல்லத் தேறி வந்தவை 2016-இல் மீண்டும் வெளிறின. 2024-இல் இன்னொரு முறை. பவளத்தின் திசுவுக்குள் குடியிருந்து சூரிய ஒளியில் உணவு சமைத்துத் தரும் நுண்பாசிகள், வெப்பம் கூடினால் வெளியேறிவிடுகின்றன. ஆனால் கண்டுகளின் குடைவுகளில் தொங்கும் மென்பவளங்களில் பல அந்தப் பாசியை நம்பி வாழ்வதில்லை. ஓடும் நீரிலிருந்து நேரடியாக இரை பிடிக்கின்றன. மஞ்சளும் ஊதாவுமாக அவை இன்னும் அங்கே மலர்ந்து கிடக்கின்றன. நிறமும் நீரோட்டம் இருக்கும் இடத்தில்தான்.

இந்த நீரோட்டத்துக்கே ஒரு வயது உண்டு. 2015-இல் ஜாய்டெஸ் ரெசல்யூஷன் என்ற ஆய்வுக்கப்பல் மாலத்தீவுக் கடலடியில் துளையிட்டது. அடுக்கடுக்காகப் படிந்த வண்டலில், ஓர் அளவுக்குக் கீழே அமைதியான படிவு. அதற்கு மேலே திடீரென்று நீரோட்டம் வாரி அடுக்கிய படிவு. தெற்காசியப் பருவக்காற்று இன்றைய வலுவோடு வீசத் தொடங்கிய காலம் அந்த எல்லையில் பதிந்திருக்கிறது: ஒரு கோடியே இருபத்தொன்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு. அன்றிலிருந்து நீர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி, சில பார்களை மூழ்கடித்து, சிலவற்றை வளரவிட்டு, இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்திருக்கிறது.

கடைசியாக மியரு கண்டுக்குப் போனது ஒரு மார்ச் காலையில். தோணி கண்டுவின் வாயருகே நின்றது. முக்குளிப்புப் படகை அங்கேயும் தோணி என்றுதான் சொல்கிறார்கள். நாங்கள் உருளைகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வழிகாட்டி வெறும் முகக்கண்ணாடியோடு குதித்துத் தலையை நீருக்குள் வைத்தார். என்ன பார்க்கிறார் என்று முன்பெல்லாம் எனக்குத் தெரியாது. பாறைக்கு மேலே கூட்டமாக நிற்கும் ஆரஞ்சு நிறச் சிறுமீன்களைத்தான் பார்க்கிறார். இரை வரும் திசைக்கு அவை தலையைக் காட்டி நிற்கும்; நீரோட்டமானி அதுதான். ஏறி வந்து, உள்கடல் பக்கமாகக் கையைக் காட்டித் தலையை ஆட்டினார். மீன்கள் உள்ளே பார்த்து நிற்கின்றன. நீர் வெளியே ஓடுகிறது.

உருளைகளைக் கழற்றி வைத்தோம். பால் இல்லாத தேநீர் வந்தது. கிழக்கே வெயில் ஏறியது. ஒன்றரை மணி நேரத்தில் மூன்று முறை அவர் குதித்துப் பார்த்தார். நான்காவது முறை நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கூடக் குதித்தேன். ஆரஞ்சு மீன்களில் பாதி குழம்பி நாலாபுறமும் பார்த்துக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கி, எல்லாத் தலைகளும் பெருங்கடலைப் பார்த்து நின்றன.